ஹைட்டி மக்களும் அவர்கள் போய்ச் சேர்ந்த ஊர்களும்

(அறக்கட்டளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை. பேச்சு நடையைப் பெரிதும் மாற்றாமல் தருகிறோம்.)





அண்டை வீட்டாரின் உரிமைகள் பற்றிப் பேச வேண்டும் என்று நிர்வாகிகள் என்னிடம் சொன்னார்கள். அந்தத் தலைப்பில் நம் ஹஜ்ரத் அவர்கள் பேசினால்தான் பொருத்தம். நான் கிதாபு ஓதியவன் அல்ல. சவூதியில் 19 வருடம் கணக்கெழுதிவிட்டு ஊர் திரும்பியவன். அதனால் நான் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன்.

2024 செப்டம்பரில் என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. ஒரு ஆள் செத்த வாத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்து போகிறார். அமெரிக்காவில் ஒரு ஊருக்கு ஹைட்டி நாட்டுக்காரர்கள் ஆயிரக்கணக்கில் வந்துவிட்டார்கள், பக்கத்து வீட்டு நாய், பூனையை எல்லாம் பிடித்துத் தின்கிறார்கள் என்று கீழே எழுதியிருந்தது. நான் என்ன செய்தேன்? யோசிக்கவே இல்லை. அப்படியே எங்கள் குடும்பக் குழுவில் தட்டிவிட்டேன். கூடவே ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டேன்.

அன்று இரவே என் தங்கை மகன் போன் செய்தான். அவன் ஒஹாயோ மாநிலத்தில் டேட்டன் என்ற ஊரில் வேலை பார்க்கிறான். "மாமா, நீங்க அனுப்பின ஊரு இங்கேருந்து 40 கிலோமீட்டர்தான். அந்தப் படம் அந்த ஊர்ல எடுத்ததே இல்லை, கொலம்பஸ்ல எடுத்தது. அந்த ஆளு ஹைட்டிக்காரர்னு யாருக்கும் தெரியாது. இங்கே பள்ளிக்கூடத்துக்கு வெடிகுண்டு மிரட்டல் வந்து பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. நீங்க சிரிக்கிறீங்களே மாமா" என்றான். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. என் மடியில் வளர்ந்த பையன் அவன்.

அதற்குப் பிறகுதான் இந்த ஹைட்டிக்காரர்கள் யார் என்று படிக்க ஆரம்பித்தேன். இன்றைக்குப் பேசுவது அப்படிப் படித்ததுதான்.

ஹைட்டி கரீபியன் கடலில் இருக்கிறது. ஒரே தீவில் இரண்டு நாடுகள். மேற்கே ஹைட்டி, கிழக்கே டொமினிக்கன் குடியரசு. ஹைட்டி பிரான்சுக்காரர்களின் கரும்புத் தோட்டமாக இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கு மாட்டிக் கொண்டுவந்த அடிமைகள்தான் அங்கே உழைத்தவர்கள். 1791இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நெப்போலியன் அனுப்பிய படையையே தோற்கடித்து, 1804 ஜனவரி 1 அன்று சுதந்திர நாடு என்று அறிவித்தார்கள். அடிமைகள் தாங்களே போராடி வென்று அமைத்த நாடு அது.

அதற்கு அவர்கள் கொடுத்த விலையைக் கேளுங்கள். 1825இல் பிரான்சு போர்க்கப்பல்களை அனுப்பியது. எங்கள் ஆட்கள் இழந்த சொத்துக்கு 15 கோடி பிராங்க் ஈடு கொடு, அப்போதுதான் உன்னை நாடாக ஏற்போம் என்றது. அந்தச் 'சொத்து' என்பதில் இவர்களின் உடம்பும் அடக்கம்! பிறகு அதை 9 கோடியாகக் குறைத்தார்கள். அந்தப் பணத்தைக் கட்டுவதற்கு வட்டிக்குக் கடன் வாங்கி, அந்தக் கடன் 1947இல்தான் தீர்ந்தது. விடுதலை அடைந்தவன் தன்னை அடித்தவனுக்கு நூறு வருடத்துக்கு மேல் தவணை கட்டினான். ஹைட்டி ஏன் ஏழை நாடு என்று யாராவது கேட்டால் இந்த ஒரு கணக்கை மட்டும் சொல்லுங்கள். உள்நாட்டுச் சர்வாதிகாரிகள் செய்த கொள்ளையும் உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் அஸ்திவாரத்திலேயே ஓட்டை போட்டது இந்தத் தவணை.

இப்படிப்பட்ட நாட்டிலிருந்து மக்கள் வேலை தேடி வெளியே போகாமல் இருப்பார்களா? முதலில் போனது பக்கத்திலேயே, கிழக்கே. டொமினிக்கன் பக்கம் சர்க்கரை ஆலைகள் பெருகின. கரும்பு வெட்ட ஆள் வேண்டும். ஹைட்டிக்காரர்களைக் கொண்டுவந்தார்கள். எல்லையில் அப்போது வேலி கிடையாது. இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் வயல் என்று வாழ்ந்தார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். பிள்ளைகள் இரண்டு மொழியும் பேசின.

1937 அக்டோபரில், டொமினிக்கன் சர்வாதிகாரி துருஹில்லோவின் உத்தரவில் ராணுவம் எல்லைப் பகுதிக்குள் நுழைந்தது. சில நாட்களில் ஆயிரக்கணக்கான ஹைட்டி மக்களை வெட்டிக் கொன்றார்கள். பெரும்பாலும் துப்பாக்கி எடுக்கவில்லை, கரும்பு வெட்டும் கத்திதான். ஊர்க்காரர்கள் கோபத்தில் செய்ததாகக் காட்ட வேண்டும் அல்லவா! கொத்தமல்லி மாதிரி ஒரு தழையைக் காட்டி, அதன் ஸ்பானிஷ் பெயரைச் சொல்லச் சொல்வார்களாம். பெயர் 'பெரெஹில்'. ஹைட்டிக்காரர்களின் நாக்குக்கு அந்த 'ர' வராது. வராவிட்டால் கத்தி. கொல்லப்பட்டவர் எண்ணிக்கை பற்றி ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. சில ஆயிரம் முதல் 20,000க்கு மேல் வரை சொல்கிறார்கள். கடைசியில் டொமினிக்கன் அரசு ஈடாக 7,50,000 டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு, அதையும் 5,25,000 ஆகக் குறைத்துக்கொண்டது.

ஒரு தெருவில் கலந்து வாழ்ந்தவர்களை மேலிருந்து வந்த ஒரு உத்தரவு பிரித்துவிட்டது. அண்டை வீட்டானை ஒளித்து வைத்துக் காப்பாற்றியவர்களும் அங்கே இருந்தார்கள். காட்டிக் கொடுத்தவர்களும் இருந்தார்கள்.

இதற்குப் பிறகாவது கரும்பு வெட்ட ஆள் எடுப்பதை நிறுத்தினார்களா என்றால், இல்லை. 1952இலிருந்து இரண்டு அரசும் ஒப்பந்தமே போட்டுக்கொண்டன. ஆள் அனுப்புவதற்கு ஹைட்டி அரசு பணம் வாங்கியது. 1986 வரை இது நடந்தது. வந்தவர்களைக் கரும்புக் காட்டின் நடுவே 'பத்தேய்' எனப்படும் குடியிருப்புகளில் வைத்தார்கள். நம் மலைத் தோட்டங்களின் லயன் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் ஆலை கொடுத்த ஒரு சீட்டு. அதுதான் அடையாளம், அதுதான் எல்லாம்.

இதைப் படித்தபோது எனக்கு என் இகாமா ஞாபகம் வந்தது. என் பாஸ்போர்ட் என் கையில் இருந்ததைவிட முதலாளி அலமாரியில் இருந்த நாட்கள்தான் அதிகம். இங்கே வளைகுடா போய் வந்தவர்கள் பாதிப் பேர் இருக்கிறீர்கள், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நமக்குத் திரும்பி வர ஒரு ஊர் இருந்தது. அங்கே பிறந்த நம் பிள்ளைகளுக்கும் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தது. பத்தேயில் பிறந்த பிள்ளைக்கு என்ன இருந்தது?

அங்கேதான் பெரிய அநியாயம் நடந்தது. டொமினிக்கன் அரசியல் சட்டப்படி அந்த மண்ணில் பிறந்த குழந்தை அந்நாட்டுக் குடிமகன். இரண்டே விலக்கு. தூதரக அதிகாரிகளின் பிள்ளைகள் ஒன்று. 'வழியில் செல்வோரின்' பிள்ளைகள் மற்றொன்று, அதாவது கடந்து போகிற பயணிகள். 2010இல் சட்டத்தைத் திருத்தி, ஆவணமில்லாதவர்களின் பிள்ளைகளுக்கு இனிக் குடியுரிமை இல்லை என்றார்கள். அது இனிமேல் பிறப்பவர்களுக்கு. ஆனால் 2013 செப்டம்பரில் அரசியல் சட்ட நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. 168-13 என்று அதற்கு எண். ஆவணமில்லாமல் குடியிருந்தவர்கள் எல்லாரும் 'வழியில் செல்வோர்' தான் என்று பொருள் கூறி, 1929 வரை பின்னுக்குப் போய் அதைப் பொருத்தியது. நாற்பது வருடம் அந்த ஊரிலேயே கரும்பு வெட்டிச் செத்துப் புதைக்கப்பட்டவரும் வழிப்போக்கர்! அவர் மகள், பேத்தி யாரும் குடிமக்கள் அல்ல!

அந்த வழக்கைப் போட்டது ஒரு சாதாரணப் பெண். 1984இல் அந்நாட்டில் பிறந்தவர், கரும்புத் தொழிலாளியின் மகள். அடையாள அட்டை வாங்குவதற்காகப் பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு அலுவலகம் போனார். அவர் குடும்பப் பெயர் ஹைட்டிப் பெயராக இருக்கிறது என்று சான்றிதழைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். அதைத் திரும்பக் கேட்டு நீதிமன்றம் போனார். அவருக்கும் கிடைக்கவில்லை, அவரைப் போன்ற லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் குடியுரிமையும் போனது. அட்டை இல்லாவிட்டால் கல்லூரியில் சேர முடியாது, வங்கிக் கணக்கு தொடங்க முடியாது, தன் குழந்தையின் பிறப்பைக்கூடப் பதிய முடியாது. உலகமெல்லாம் கண்டித்த பிறகு 2014இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஏற்கெனவே பதிவேட்டில் பெயர் இருந்தவர்களுக்குத் திருப்பித் தருவோம், பெயர் இல்லாதவர்கள் தங்களை வெளிநாட்டவர் என்று பதிந்துகொண்டு பிறகு விண்ணப்பிக்கட்டும் என்றது. பிறந்த மண்ணில் 'நான் அந்நியன்' என்று கையெழுத்துப் போடு, அப்புறம் பார்க்கலாம் என்பதுதான் இதன் அர்த்தம். அப்படிப் பதிந்துகொண்டவர்கள் 9,000 பேர்கூட இல்லை.

டொமினிக்கன் மக்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. 2010 ஜனவரி 12 அன்று ஹைட்டியில் பூகம்பம் வந்தபோது முதலில் ஓடி வந்தது அவர்கள்தான். காயம்பட்டவர்களுக்குத் தங்கள் ஆஸ்பத்திரிகளைத் திறந்து விட்டார்கள். ஹைட்டியில் லிமோனாத் என்ற இடத்தில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தையே கட்டிக் கொடுத்தார்கள். இன்னொரு பக்கம் 2022இல் எல்லையில் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். 2024 அக்டோபரில் வாரத்துக்கு 10,000 பேரை வெளியேற்றுவோம் என்று அறிவித்தார்கள். 2025 ஏப்ரலிலிருந்து அரசு ஆஸ்பத்திரிகளில் சிகிச்சைக்கு வருகிறவர்களிடம் ஆவணம் கேட்டு, இல்லாதவர்களைச் சிகிச்சை முடிந்ததும் நாடு கடத்துகிறார்கள். பிள்ளை பெற்ற பெண்களும் அதில் உண்டு. இதைக் கேட்டால் கர்ப்பிணி ஆஸ்பத்திரிக்கு வருவாளா, வீட்டிலேயே கிடப்பாளா? நம் இலவச மருத்துவ முகாமில் வேலை செய்கிற சகோதரிகளுக்கு விடை தெரியும்.

ஹைட்டிக்குள் நிலைமை என்ன? 2021 ஜூலையில் அந்நாட்டு அதிபரையே அவர் வீட்டில் புகுந்து சுட்டுக் கொன்றுவிட்டார்கள். தலைநகரின் பெரும்பகுதி ஆயுதக் கும்பல்கள் கையில். திருப்பி அனுப்பப்படுகிறவர் போய் இறங்குவது அந்த நாட்டில்தான்.

ஆனால் எல்லையில் தஹபோன் என்று ஒரு ஊர் உண்டு. வாரத்தில் திங்கள், வெள்ளி இரண்டு நாள் சந்தை. ஹைட்டிப் பெண்கள் பாலத்தைக் கடந்து வந்து அரிசி, மாவு, முட்டை வாங்கிப் போவார்கள். பழைய துணி கொண்டுவந்து விற்பார்கள். ஊர் ஊராகப் போய் மொத்தமாகச் சரக்கெடுத்து வரும் இந்த வியாபாரிப் பெண்களுக்கு ஹைட்டியில் 'மதான் சாரா' என்று ஒரு பறவையின் பெயர். 2023 செப்டம்பரில் ஆற்றில் வாய்க்கால் வெட்டுவது பற்றிய தகராறில் டொமினிக்கன் அரசு எல்லையை மூடியது. அழுதது ஹைட்டிக்காரர்கள் மட்டுமல்ல. முட்டையும் கோழியும் விற்க ஆளில்லாமல் அந்தப் பக்கத்து வியாபாரிகளும் திண்டாடினார்கள்.

மதீனாவுக்கு ஹிஜ்ரத் வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களின் சம்பவம் உங்களுக்குத் தெரியும். அன்சாரித் தோழர் தன் சொத்தில் பாதியைத் தருகிறேன் என்றார். இவர் அவருக்கு பரக்கத் வேண்டி துஆ செய்துவிட்டு, சந்தைக்கு வழி காட்டுங்கள் என்று மட்டும் கேட்டார். போய் நெய்யும் பாலாடைக்கட்டியும் விற்றார். சிறுவயது முதல் இதைக் கேட்கிறேன். அன்சாரிகளின் தாராளத்தைத்தான் எப்போதும் கவனித்தேன். வந்தவர் கேட்டது என்ன என்பதை இந்த வயதில்தான் கவனிக்கிறேன்.

சரி, என் மருமகன் சொன்ன ஊருக்கு வருகிறேன். ஸ்பிரிங்ஃபீல்ட். ஒரு காலத்தில் 80,000 பேர் இருந்த தொழில் நகரம். ஆலைகள் மூடி, ஆட்கள் வெளியேறி, 2020 கணக்கெடுப்பில் 58,000 பேர் சொச்சம். பிறகு மறுபடி சில தொழிற்சாலைகளும் கிடங்குகளும் வந்தன. ஆள் போதவில்லை. வாடகை மலிவு, வேலை இருக்கிறது என்று வாய்மொழியாகச் செய்தி பரவி, ஹைட்டி மக்கள் வர ஆரம்பித்தார்கள். சில வருடங்களில் அந்த வட்டாரத்தில் 12,000 முதல் 15,000 பேர் வரை ஆகிவிட்டார்கள் என்று நகர நிர்வாகம் சொன்னது. பெரும்பாலோர் திருட்டுத்தனமாக வந்தவர்கள் அல்ல. தற்காலிகப் பாதுகாப்பு முதலான திட்டங்களின் கீழ் சட்டப்படி தங்கி வேலை செய்தவர்கள்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நான்கு பேர் வாழும் வீட்டில் ஐந்தாவதாக ஒருவர் வந்தால் நெருக்கடி வரும். கிளினிக்கில் வரிசை நீண்டது. மொழிபெயர்ப்பாளர் போதவில்லை. பள்ளியில் ஆங்கிலம் தெரியாத பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்தார்கள். வாடகை ஏறியது. பழைய வாடகைக்காரர்களான உள்ளூர் ஏழைகள்தான் அதில் அடிபட்டார்கள். அவர்கள் முணுமுணுத்தால் அது வெறுப்பு அல்ல, புகார். புகாருக்குப் பதில் உண்டு. கூடுதல் டாக்டர், கூடுதல் ஆசிரியர், கூடுதல் வீடு. வந்தவர்களுக்கு வக்காலத்து வாங்குகிற நம்மைப் போன்றவர்கள் இந்தப் புகாரைக் காது கொடுத்துக் கேட்பதில்லை. அந்த இடத்தில்தான் பொய் சொல்கிறவன் வந்து உட்காருகிறான்.

2023 ஆகஸ்டில், பள்ளி திறந்த முதல் நாள், உரிமம் செல்லாத ஒரு ஹைட்டி ஓட்டுநரின் வண்டி பள்ளிப் பேருந்தில் மோதி, 11 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். இன்னும் பல பிள்ளைகளுக்குக் காயம். ஊர் கொதித்தது. கொதிக்காமல் இருக்குமா? ஓட்டுநருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. ஒரு வருடம் கழித்துத் தேர்தல் வந்தது. அந்தப் பிள்ளையை ஹைட்டிக்காரன் கொலை செய்தான் என்று அரசியல்வாதிகள் எழுத ஆரம்பித்தார்கள்.

2024 செப்டம்பர் 10 அன்று அந்தச் சிறுவனின் தகப்பனார் நகர மன்றக் கூட்டத்தில் எழுந்து நின்றார். என் மகன் கொலை செய்யப்படவில்லை, விபத்தில் இறந்தான் என்றார். இதைவிட 60 வயது வெள்ளைக்காரர் ஒருவரின் வண்டியில் அடிபட்டு இறந்திருக்கலாமே என்று தோன்றுகிறது, அப்படி நடந்திருந்தால் இந்த வெறுப்பைக் கொட்டுகிறவர்கள் எங்களை நிம்மதியாக விட்டிருப்பார்கள் என்றார். பெற்ற மகனை இழந்த ஒருவர் இப்படிச் சொல்ல வேண்டி வந்ததே என்று நினைத்துப் பாருங்கள். அதே நாள் இரவு, கோடிக்கணக்கானவர்கள் பார்த்த தேர்தல் விவாதத்தில், ஸ்பிரிங்ஃபீல்டில் வந்தேறிகள் நாய் பூனைகளைத் தின்கிறார்கள் என்று டிரம்ப் சொன்னார்.

அப்படி நடந்ததற்கு நம்பத்தகுந்த எந்தப் புகாரும் இல்லை என்று நகர நிர்வாகமும் போலீசும் சொல்லிவிட்டன. ஆனால் அடுத்த சில நாட்களில் 33 வெடிகுண்டு மிரட்டல்கள். எல்லாம் பொய் மிரட்டல். நகர மன்றத்தைக் காலி செய்தார்கள், பள்ளிகளைக் காலி செய்தார்கள். பல இன மக்களும் கூடுகிற வருடாந்தர விழாவை ரத்து செய்தார்கள். ஹைட்டிப் பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பப் பயந்தார்கள். ஒஹாயோ ஆளுநர் மைக் டிவைன் டிரம்பின் கட்சிக்காரர்தான், அந்த ஊரிலேயே பிறந்தவர். அவர், இது உண்மையல்ல, இவர்கள் உழைக்க வந்தவர்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். பள்ளிகளுக்கு மாநிலப் போலீசை அனுப்பினார். மருத்துவச் செலவுக்கு 25 லட்சம் டாலர் ஒதுக்கினார். காலமான அவர் மகளின் பெயரில் ஹைட்டியில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் நடந்து வந்தது. அந்த மக்களை அறிந்தவர் என்பதால் அவருக்கு வாய் திறக்க முடிந்தது என்று நினைக்கிறேன்.

அங்கே வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள் வந்தவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தார்கள். நம் அலுவலகத்தில் விதவை உதவித்தொகைக்கு நிரப்பிக் கொடுக்கிறோமே, அதே வேலை. பெயரை ஒரு எழுத்து மாற்றி எழுதினால் ஒருவருடைய வாழ்க்கை எப்படி மாறும் என்பது அந்த மேசையில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். 2025இல் அந்தத் தற்காலிகப் பாதுகாப்பையே முடிப்பதாக அமெரிக்க அரசு அறிவித்து, விஷயம் நீதிமன்றங்களுக்குப் போனது. வேலை செய்து, வாடகை கட்டி, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தவர்களும் மறுபடி 'வழியில் செல்வோர்' ஆனார்கள்.

அந்தக் கலவர நாட்களில் என் மருமகன் கூட வேலை பார்ப்பவர்களோடு ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள ஒரு ஹைட்டி உணவு விடுதிக்குப் போயிருக்கிறான். உட்கார இடமில்லையாம். அந்த ஊர் வெள்ளைக்காரர்களே ஆதரவு காட்ட வந்து வரிசையில் நின்றார்களாம். அவர்களுடைய பேர்போன உணவு பன்றி இறைச்சி வறுவல். இவன் பரிமாறும் பெண்ணிடம் ஆங்கிலத்தில் கேட்க, அவருக்குப் புரியாமல், கடைசியில் கைச்சாடையில் பேசி, மீனும் சோறும் வறுத்த வாழைக்காயும் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறான். கூட, முட்டைக்கோஸைக் காரமாக ஊறப்போட்ட ஊறுகாய். "உம்மா போடுற மாங்காய் ஊறுகாயைவிட உறைப்பு மாமா" என்றான். ஜனவரி முதல் தேதி வந்தால் பூசணிக்காய் சூப் கிடைக்கும் என்றார்களாம். அடிமைக் காலத்தில் எஜமானர்கள் மட்டுமே குடித்த சூப்பாம் அது. விடுதலை நாளன்று வீட்டுக்கு வீடு அதைக் காய்ச்சிப் பக்கத்து வீடுகளுக்கும் கொடுப்பார்கள்.

இன்னொன்றும் சொன்னான். அந்த ஊரில் ஒரு அம்மா தன் பூனையைக் காணோம், பக்கத்து வீட்டு ஹைட்டிக்காரர்கள் மீது சந்தேகம் என்று போலீசில் சொல்லியிருந்தார். சில நாளில் பூனை அவர் வீட்டு நிலவறையிலிருந்தே வெளியே வந்தது. அந்த அம்மா, கைப்பேசியில் மொழிபெயர்க்கும் செயலியை வைத்துக்கொண்டு, தன் மகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்டார்.

அதைக் கேட்ட பிறகு நானும் எங்கள் குடும்பக் குழுவில் எழுதினேன். நான் அனுப்பியது பொய், விசாரிக்காமல் அனுப்பிவிட்டேன், மன்னியுங்கள் என்று. குழுவில் 41 பேர். முதலில் அனுப்பிய படத்துக்கு இருபதுக்கும் மேல் சிரிப்பு வந்திருந்தது. இதற்கு இரண்டு நாளாக ஒரு பதிலும் இல்லை. மூன்றாம் நாள் என் மூத்த அக்கா மட்டும் குரல் செய்தி அனுப்பியிருந்தார். "தம்பி, அப்ப அந்தப் பூனை கிடைச்சிட்டா?"

கிடைத்துவிட்டது என்றேன்.